சின்னம்மாவின் சிகிச்சைக்கு எண்பது இலட்சம்: எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்த பின்னரே எழுதத் தொடங்குகிறேன். 46 வயதான உங்கள் சின்னம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயொப்சி அறிக்கை வந்து மூன்று வாரமாகிறது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் கிளினிக்குக்குப் பதிந்திருக்கிறீர்கள். இதற்கிடையில் சென்னைக்குக் கொண்டுபோவதே நல்லது என்றும், அதற்கு எண்பது இலட்சம் வரை செல்லும் என்றும் குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்கள் மூலம் கோஃபண்ட்மீ என்ற இணையத் தளத்தில் நன்கொடைச் சேகரிப்புத் தொடங்குவதா, சின்னம்மாவின் சீதனக் காணியை விற்பதா என்று கேட்கிறீர்கள். கேள்வியின் முகம் பணம் சேர்க்கும் வழியைப் பற்றியது. ஆனால், "பிழைவிட்டால் திருத்த நேரம் இருக்காது என்று பயமாக இருக்கிறது" என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்பதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் வைத்தியர் அல்லன். யாழ்ப்பாணத்தில் வங்கியொன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணிபுரிந்தேன். அதில் பெரும்பகுதி வெளிநாட்டு நாணயப் பிரிவில் கழிந்தது. ஓய்வுபெற்ற பின்னர் எங்கள் ஊர் நலன்புரிச் சங்கத்தின் பொருளாளராக இருந்து, சிகிச்சைக்காக இந்தியா சென்ற பல குடும்பங்களின் பணத்தைக் கையாண்டிருக்கிறேன். சிலரோடு கூடவும் போயிருக்கிறேன். பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்பவற்றை உறுதியாகச் சொல்வேன். சிகிச்சை பற்றி நான் சொல்பவை, நோயாளியோடு கூடப்போகிற எவரும் காலப்போக்கில் அறிந்துகொள்கிறவைதான். அவற்றை வைத்தியரிடம் கேட்பதற்கான கேள்விகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விசா விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை என்பதால், அவற்றைப் பயணத்துக்கு முன் ஒருமுறை சரிபார்ப்பதும் உங்கள் பொறுப்பு.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்று: பணம் சேரும்வரை தெல்லிப்பழைக் கிளினிக்கை நிறுத்தி வைக்காதீர்கள். இந்தப் பிழையை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். "எப்படியும் இந்தியாவுக்குத்தானே போகப்போகிறோம்" என்று இங்கே கொடுத்த திகதிகளைத் தவறவிட்டு, பணத்துக்காக மூன்று நான்கு மாதம் அலைவார்கள். நோய் அதற்காகக் காத்திருப்பதில்லை. இரண்டாவது அபிப்பிராயம் கேட்க எத்தனை நாள் எடுக்கலாம், எத்தனை நாளுக்கு மேல் தாமதிக்கக்கூடாது என்று உங்கள் வைத்தியரிடமே நேரடியாகக் கேளுங்கள். அவர் கோபிப்பார் என்று அஞ்ச வேண்டாம். நான் கண்ட வைத்தியர்களுள் பெரும்பாலானோர் அந்தக் கேள்வியை வரவேற்றார்கள்.

அடுத்தது, இந்தப் பதிலில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விடயம். ஒரு நோயாளிக்காக எங்கள் சனத்திடம் முழுமனதோடு பணம் கேட்கக் கிடைப்பது ஒரே ஒரு தடவைதான். முதல் வேண்டுகோளுக்கு ஊர், பள்ளிக்கூடத்து நண்பர்கள், கோயிலடிச் சனம், வெளிநாட்டு உறவுகள் எல்லோரும் அள்ளிக் கொடுப்பார்கள். நான்கு மாதம் கழித்து அதே பெயருக்கு மறுபடியும் கேட்டால் கை சுருங்கிவிடும். அது கல்நெஞ்சம் என்று நான் சொல்லமாட்டேன். கொடுத்தவர்களுக்கும் அடுத்தடுத்து வேறு வீடுகளில் இருந்து அழைப்பு வந்துகொண்டுதான் இருக்கும். ஆகையால் அந்த ஒரே தடவை கேட்கும்போது, சிகிச்சையின் தொடக்கத்திலிருந்து முடிவுவரைக்குமான தொகை உங்கள் கையில் இருக்க வேண்டும். முதற்கட்டத் தொகையை மட்டும் சொல்லிக் கேட்டால், நடுவழியில் நிற்பது நோயாளிதான்.

இதை நான் பட்டு அறிந்தேன். 2017 ஆம் ஆண்டில் எங்கள் ஊரில் இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவருக்காகச் சங்கத்தின் மூலம் பணம் சேர்த்தோம். இந்தியாவில் ஒரு தனியார் வைத்தியசாலை அனுப்பிய மதிப்பீட்டுத் தாளை வைத்துத்தான் வேண்டுகோளை எழுதினோம். அந்தத் தாளில் இருந்தது சத்திரசிகிச்சையும் ஆறு நாள் தங்கலும் மட்டுமே. அதற்குப் பின் தேவைப்படும் கீமோ, கதிர்ச் சிகிச்சை எதுவும் அதில் இல்லை என்பது கீழே சிறிய எழுத்தில் இருந்தது. பொருளாளராக இருந்த நான் அதை வாசிக்கவில்லை. சேர்ந்த பணம் சத்திரசிகிச்சையோடும் முதல் இரண்டு கீமோவோடும் முடிந்தது. இரண்டாவது தடவை கேட்டபோது, முதலில் சேர்ந்ததில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சேரவில்லை. அவர் ஊர் திரும்பி மீதியைத் தெல்லிப்பழையில் தொடர்ந்தார். ஆனால் இடையில் ஏழு வாரங்கள் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் கழிந்தன. அந்த ஏழு வாரங்களை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் அதுவே காரணம்.

ஆகவே எண்பது இலட்சம் என்ற எண்ணை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது யாருடைய எண், எந்தச் சிகிச்சைக்கான எண், எந்த நாட்டு ரூபாவில் என்று எதுவுமே உங்களுக்குத் தெரியாது. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இந்திய ரூபா ஒன்று இலங்கை ரூபாவில் ஏறத்தாழ மூன்றரை ரூபா. "இருபது இலட்சம்" என்று சென்னையில் சொன்னதை இங்கே இருபது இலட்சமாகவே கேட்டுக்கொண்டு புறப்பட்டு, அங்கே போய்த் திகைத்து நின்றவர்களை எனக்குத் தெரியும். யார் தொகை சொன்னாலும் "எந்த ரூபா?" என்பதே முதற் கேள்வியாக இருக்கட்டும்.

முழுச் சிகிச்சைக்குமான தொகையைக் கணக்கிட, சிகிச்சையின் நீளம் தெரிய வேண்டும். மார்பகப் புற்றுநோயில் அதைப் பெரிதும் தீர்மானிப்பது, பயொப்சி எடுத்த இழையத்தில் செய்யப்படும் ஹோர்மோன் ஏற்பிப் பரிசோதனையும் (புற்று ஹோர்மோனால் வளர்கிறதா என்று பார்ப்பது), ஹெர்2 பரிசோதனையும் (அந்தப் பெயருள்ள புரதம் அதில் கூடுதலாக உள்ளதா என்று பார்ப்பது) ஆகும். இவற்றின் முடிவு இல்லாமல் எவரும் உங்களுக்குச் சரியான தொகை சொல்ல முடியாது. கீமோ பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பல சுற்றுகளாகப் போகும். ஆறு சுற்று என்றாலே நான்கு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். கதிர்ச் சிகிச்சை தேவைப்பட்டால் வாரத்தில் ஐந்து நாளாக மூன்று வாரமோ ஐந்து வாரமோ நீளலாம். ஹெர்2 பரிசோதனை நேர்மறையாக இருந்தால் ட்ராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்தை ஏறத்தாழ ஒரு வருடத்துக்குக் கொடுப்பது வழக்கம். விலை கூடிய பகுதி அதுதான். மூல மருந்துக்கு நிகரான, விலை குறைந்த வகைகள் இந்தியாவில் பல உற்பத்தியாகின்றன. அவற்றைப் பற்றித் தயங்காமல் கேட்கலாம். ஹோர்மோன் ஏற்பி நேர்மறையாக இருந்தால் டமொக்சிஃபென் போன்ற மாத்திரையை ஐந்து வருடமோ அதற்கு மேலோ எடுக்கச் சொல்வார்கள். அது விலை குறைந்தது, இங்கேயே கிடைப்பது. இவற்றுள் எவை சின்னம்மாவுக்குப் பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் புற்றுநோய் வைத்திய நிபுணரே சொல்ல வேண்டும்.

இந்த நீளத்தைப் பார்த்தவுடன் ஒரு கேள்வி இயல்பாக எழும்: இதில் எந்தப் பகுதிக்கு உண்மையில் சென்னை தேவை? கீமோவும் கதிர்ச் சிகிச்சையும் தெல்லிப்பழையில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்ததும் சேர்த்த பணத்தால்தான். 2011 ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாட்கள் நடந்து, நாடு முழுவதும் மக்களிடம் திரட்டிய நிதியால் அது கட்டப்பட்டது. அங்கே எல்லாம் எப்போதும் குறைவின்றிக் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. சில மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களை நாங்கள் பார்த்தோம். திகதி கிடைக்கத் தாமதமாவதும் உண்டு. ஆனால் "இங்கே ஒன்றும் இல்லை, இந்தியாவுக்குப் போ" என்ற பேச்சு உண்மைக்குப் புறம்பானது. எனக்குத் தெரிந்த சில குடும்பங்கள் சென்னையில் ஆலோசனையை மட்டும் பெற்று, சிகிச்சை முழுவதையும் இங்கே முடித்தன. வேறு சில, இங்கே கிடைக்காத ஒரு மருந்தை மட்டும் பணம் கொடுத்து வாங்கின. அப்படியானால் உங்களுக்குத் தேவைப்படும் தொகை எண்பது இலட்சத்தில் ஒரு சிறு பகுதியாகக்கூட இருக்கலாம். இது என் ஊகம்தான். உறுதியாக்க வேண்டியது வைத்தியரின் வாய்மொழி.

இரண்டாவது அபிப்பிராயத்துக்கு நோயாளியை உடனே அழைத்துச் செல்லவும் தேவையில்லை. பயொப்சி செய்த ஆய்வுகூடத்தில், எடுத்த இழையத்தை மெழுகில் பதித்த இழையக் கட்டியும் கண்ணாடித் தட்டுகளும் பாதுகாக்கப்பட்டிருக்கும். எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அவற்றையும் ஸ்கான் படங்களின் இறுவட்டையும் கிளினிக் கொப்பியின் பிரதியையும் உறவினர் ஒருவர் கொண்டுபோய்க் காட்டலாம். அங்கே போனதும் பயொப்சியை மீண்டும் முதலிலிருந்து செய்யச் சொல்வதைத் தவிர்க்கவும் இது உதவும். எங்கே காட்டுவது என்று கேட்டால், அடையாற்றில் 1954 ஆம் ஆண்டு முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிலையமும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் இலாப நோக்கமற்றவை. எங்கள் சனத்துக்கு நெடுநாள் பழக்கமானவை. அங்கே நெருக்கடியும் காத்திருப்பும் உண்டு. தனியார் வைத்தியசாலைகளில் வேகம் கிடைக்கும், அதற்குரிய விலையும் இருக்கும்; வெளிநாட்டு நோயாளிக்கு வேறு கட்டணமா என்பதை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இரண்டு இடங்களிலாவது மதிப்பீடு பெறுங்கள். அதில் என்னென்ன அடங்கும், என்னென்ன அடங்காது, இடையில் சிக்கல் வந்து அதிக நாள் தங்க நேர்ந்தால் நாளொன்றுக்கு எவ்வளவு ஆகும் என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

உங்களுக்கு எண்பது இலட்சம் என்று சொன்னவரைப் பற்றியும் ஒரு சொல். அவர் நல்ல மனத்தோடு சொல்லியிருக்கலாம். ஆனால் நோயாளிகளை வைத்தியசாலைகளுக்கு அழைத்துச் சென்று தரகு பெறுவோர் இத்துறையில் உள்ளனர் என்பதால், "உங்களுக்கு இதில் ஏதும் கிடைக்குமா?" என்று மரியாதையாகக் கேட்பது தவறாகாது. எந்தக் காரணத்துக்காகவும் சிகிச்சைப் பணத்தை அவர் கையிலோ அவர் கணக்கிலோ கொடுக்காதீர்கள். பணம் வைத்தியசாலையின் பெயருக்கு மட்டுமே போக வேண்டும்.

வைத்தியசாலைக் கட்டணத்துக்கு வெளியே வரும் செலவுகளைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். இந்திய மின்னணு மருத்துவ விசா முதல் வருகையிலிருந்து 60 நாட்களுக்குச் செல்லுபடியாகும். அதில் மூன்று தடவை உள்நுழையலாம். கூடப்போவோர் இருவர்வரைக்கும் தனி விசா உண்டு. நான்கு மாதக் கீமோவை அங்கேயே முடிப்பதாயின் விசாவை நீடிக்க அலைய வேண்டிவரும், அல்லது இடையில் வந்துபோக வேண்டும். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருப்பதால் கொழும்புக்கு ஓடும் அலைச்சல் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு பயணமும் இரண்டு மூன்று பேருக்கான பயணம். வாடகை அறை, சாப்பாடு, ஓட்டோ, இரத்தப் பரிசோதனைகள், காய்ச்சல் வந்து திடீரெனச் சேர்க்க நேரும் இரவு, இவை எல்லாம் சேர்ந்துதான் பெரிய தொகையாகும். கூடப்போகிறவர் வேலையில் இருப்பவரானால் அவருடைய சம்பளமும் நின்றுவிடும். வீட்டில் நிற்கும் பிள்ளைகளின் படிப்பும் வயிறும் நிற்காது. சொல்ல மனம் வராத இன்னொரு செலவும் உண்டு: அங்கே ஏதும் ஆகிவிட்டால் ஊருக்குக் கொண்டுவரும் செலவு. அதைக் கணக்கில் எழுதிவைத்த குடும்பம் எதுவும் அதனால் கெட்டுப்போகவில்லை. எழுதாத ஒரு குடும்பம் அந்த நேரத்தில் அங்கே கடன் கேட்டு அலைந்ததை நான் அருகில் இருந்து பார்த்தேன்.

லண்டனுக்கோ கனடாவுக்கோ கூப்பிட்டுக் காட்டலாமா என்று உங்கள் உறவினர் ஒருவர் கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். இதற்கு என் பதில் திட்டவட்டமானது: அந்த வழியில் நேரத்தை வீணாக்க வேண்டாம். பிரித்தானியாவுக்கு வருகையாளராகச் செல்பவருக்கு அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம் இல்லை. அவரிடம் வழமையான கட்டணத்தில் ஒன்றரை மடங்கு அறவிடப்படும். தனியார் சிகிச்சைக்கென்று விசா கேட்டால், முழுச் செலவையும் தாங்கப் பணம் உள்ளது என்று காட்ட வேண்டும். கனடாவிலும் வருகையாளருக்கு மாகாணக் காப்புறுதி கிடைக்காது. அங்கே இருக்கும் உறவினர்களின் பணம் சென்னையிலோ தெல்லிப்பழையிலோ பல மடங்கு பயன் தரும்.

இனிப் பணம் சேர்ப்பது. கோஃபண்ட்மீயில் இலங்கை வங்கிக் கணக்குக்குப் பணம் எடுக்க வசதி இல்லை. எனவே அதை நீங்கள் இங்கிருந்து தொடங்க முடியாது. லண்டனில் அல்லது ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர் தன் பெயரில் தொடங்கி, அந்த நாட்டுக் கணக்கில் பெற்று, பிறகு அனுப்ப வேண்டும். கோஃபண்ட்மீ நிறுவனத்தார் ஒவ்வொரு நன்கொடையிலும் 2.9 வீதமும் அதற்கு மேல் ஒரு சிறு நிலையான தொகையும் கழிப்பார்கள். பிரித்தானியாவில் அது 25 பென்ஸ், கனடாவில் 30 சதம். கொடுப்பவரிடம் தளத்துக்கென்று தனியாகக் கேட்கும் அன்பளிப்பு கட்டாயமானதன்று. அதைப் பூச்சியமாக்கலாம் என்று உறவினர்களிடம் சொல்லிவையுங்கள். என் அனுபவத்தில் நெருங்கிய உறவினர்களின் பெரிய தொகைகளை நேரே வங்கி மூலம் பெற்று, பழைய மாணவர்கள், வேலைத்தல நண்பர்கள் போன்ற வெளிவட்டத்துக்கு மட்டும் அந்தத் தளத்தைப் பயன்படுத்துவதே சிக்கனமானது. இரண்டு நாடுகளில் இரண்டு சேகரிப்பு நடந்தாலும் கணக்கு ஒன்றாகவே இருக்கட்டும். ஒவ்வொரு வேண்டுகோளிலும் மற்றதைப் பற்றியும் குறிப்பிட்டால் "இரண்டு பக்கமும் வாங்குகிறார்கள்" என்ற கதை எழாது.

சேகரிப்பை யார் பெயரில் தொடங்குவது என்பதில் மிகவும் கவனம் வேண்டும். லண்டனில் உள்ள உறவினர் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகை பெறுபவராயின், அவருடைய கணக்கில் 6,000 பவுணுக்கு மேல் பணம் இருந்தால் உதவித்தொகை குறையத் தொடங்கும். 16,000 பவுணுக்கு மேற்பட்டால் நின்றுவிடும். அது சின்னம்மாவின் பணம் என்று பின்னர் நிரூபிக்கலாம். ஆனால் அந்த அலைச்சலில் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் தவித்தது எனக்குத் தெரியும். வேலையில் உள்ள ஒருவர், இதற்கென்றே புதிதாகத் திறந்த கணக்கில், வேறு எந்தப் பணமும் கலக்காமல் வைத்திருப்பது எல்லோருக்கும் நல்லது. ஒரு தனி நோயாளிக்காகக் கொடுக்கும் பணத்துக்கு வரிச்சலுகைப் பற்றுச்சீட்டு கிடைக்காது என்பதையும் கனடா உறவினர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இங்கே பணத்தைப் பெறுவதற்கு ஒரு தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்குத் திறக்கலாம். 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை டொலராகவோ பவுணாகவோ அதில் அப்படியே வைத்திருந்து, சிகிச்சைக்காக அதிலிருந்தே அனுப்ப முடியும். இதன் அருமையை நாங்கள் 2022 இல் கண்டோம். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ரூபாவாக மாற்றி வைத்திருந்த குடும்பங்களின் பணம் வைத்தியசாலைக் கணக்கில் ஏறத்தாழ பாதியாகிப் போனது. கணக்கைச் சின்னம்மாவின் தனிப்பெயரில் மட்டும் திறக்காதீர்கள். கணக்கு வைத்திருப்பவர் இறந்தால் அது முடக்கப்பட்டு, சட்ட நடவடிக்கைகள் முடியும்வரை எடுக்க முடியாமல் போகும். கூட்டுக் கணக்காக, குடும்பத்தில் இருந்து ஒருவரும் குடும்பத்துக்கு வெளியே மதிப்புள்ள ஒருவரும் சேர்ந்து கையொப்பமிடும்படி அமைத்தால், பணத்துக்கும் பாதுகாப்பு, குடும்பத்துக்கும் பாதுகாப்பு.

வங்கிக்கு வெளியே ஆள்மாற்றிப் பணம் அனுப்பும் உண்டியல் மூலம் அனுப்பினால் இரண்டு ரூபா கூடக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். சட்டப் பிரச்சினை ஒருபுறம் இருக்க, உண்டியலில் வந்த பணத்துக்கு எழுத்து இல்லை. எழுத்து இல்லாத பணத்துக்குக் கொடுத்தவர்களிடம் கணக்குக் காட்ட முடியாது. பத்து இலட்சம் ரூபாவும் அதற்கு மேலும் கணக்கில் வந்தால் வங்கி அதை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிக்கையிடும். அது வழமையான நடைமுறை, அஞ்ச வேண்டியதில்லை. வைத்தியசாலையின் மதிப்பீட்டுத் தாளையும் கிளினிக் கொப்பியின் பிரதியையும் வங்கி முகாமையாளரிடம் முன்கூட்டியே கொடுத்துவைத்தால், இடையில் கேள்வி எழும்போது நாட்கள் வீணாகாது. செலுத்தும்போதும் மொத்தமாக அனுப்பாமல், கட்டம் கட்டமாக வைத்தியசாலையின் கணக்குக்கு நேரே அனுப்புங்கள். கையில் கொண்டுபோகும் வெளிநாட்டு நாணயத் தாள்கள் 5,000 டொலர் பெறுமதிக்கு மேற்பட்டால் இந்தியச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் அகப்பட்டால் அந்தப் பணத்துக்கே ஆபத்து.

வெளிநாட்டை எதிர்பார்ப்பதற்கு முன் வீட்டு வாசலில் உள்ளதையும் கேளுங்கள். சனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம், சிகிச்சையின் வகை என்பவற்றைப் பொறுத்தே கிடைக்கும். ஆகவே எந்தக் கட்டணமும் செலுத்துவதற்கு முன்னரே போய்ப் படிவத்தையும் நிபந்தனைகளையும் பெற்றுவிடுங்கள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் அங்கே மட்டுமன்றி ஊர்ச் சங்கங்களிடம் கேட்கும்போதும் உதவும். சின்னம்மா படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கம், சித்தப்பாவின் வேலைத்தலம், கோயிலின் தர்மகர்த்தா சபை ஆகியவற்றிடம் வாய்ச்சொல்லாகக் கேட்பதைவிட ஒரு பக்கக் கடிதத்தோடு கேட்பது மேல்.

அந்தக் கடிதம் எப்படி இருக்க வேண்டும்? நோய் என்ன, எந்த வைத்தியசாலையில் எந்தத் திட்டத்தின்படி சிகிச்சை, முழுத்தொகை எவ்வளவு, அதில் குடும்பம் போட்டது எவ்வளவு, இங்கே இலவசமாகக் கிடைப்பது எது, குறையும் தொகை எவ்வளவு, கணக்குக்கு யார் பொறுப்பு என்பன அதில் இருந்தால் போதும். குடும்பம் போட்ட தொகையை எழுதுவதில் வெட்கப்படாதீர்கள். அது சிறிதாயினும், கொடுப்பவரின் மனத்தை அதுவே முதலில் திறக்கும். பணம் மிஞ்சினால் என்ன செய்வோம் என்பதையும் கேட்கும்போதே எழுதிவிட வேண்டும். பின்னர் எழுதினால் சந்தேகம் பிறக்கும். சின்னம்மா தேறிவந்த பின் மிஞ்சுவதைத் தொடர் பரிசோதனைகளுக்கு வைத்திருப்பதா, இன்னொரு நோயாளிக்குக் கொடுப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

சின்னம்மாவின் சம்மதம் இல்லாமல் அவருடைய படத்தை எங்கும் போடாதீர்கள். கட்டிலில் கிடக்கும் படமும் அழுகிற காணொளியும் பணத்தை விரைவில் கொண்டுவரும் என்பது உண்மைதான். ஆனால் அவை பேஸ்புக்கில் பல ஆண்டுகள் கிடக்கும். அவர் குணமாகி வேலைக்குத் திரும்பும்போதும், அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசும்போதும் அவை திரும்ப வரும். எங்கள் சமூகத்தில் புற்றுநோயை ஒரு குடும்பத்தின் குறையாகப் பார்க்கும் பழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை. அது பிழையான பழக்கம், ஆனால் அதன் விலையைச் செலுத்துவது அந்தப் பிள்ளைதான். உறவினருக்குள்ளும் ஊருக்குள்ளும் மட்டும் இயங்கும் வைபர் அல்லது வட்ஸ்அப் குழுவில், படம் இல்லாத கடிதத்தோடு சேர்த்து முழுத்தொகையையும் திரட்டிய குடும்பங்கள் உண்டு. அந்தக் குழுவிலேயே மாதத்துக்கு ஒருமுறை வரவும் செலவும் பற்றுச்சீட்டின் படத்தோடு போட்டுவந்தால், கேட்காமலே மறுபடியும் கொடுப்பவர்கள் வருவார்கள்.

கடைசியாக, காணி. சீதனக் காணியை விற்பது முதல் வழியாக இருக்கக்கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். அவசரத்தில் விற்கும் காணிக்கு யாழ்ப்பாணத்தில் சரியான விலை கிடைப்பதில்லை. வாங்குபவர் அந்த அவசரத்தை அறிந்தே வருவார். சட்டமும் நீங்கள் நினைக்கும் வேகத்தில் விடாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். காணி பங்குக் காணியாயின், 1947 ஆம் ஆண்டின் முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டத்தின்படி பங்குதாரருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு; அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் எழுதிய உறுதி பிறகு வழக்காகலாம். பங்குதாரர் வெளிநாட்டில் இருந்தால், அவருக்காக இங்கே ஒருவர் கையொப்பமிட அதிகாரம் தரும் அற்றோர்னித் தத்துவம் வந்துசேரவே வாரங்கள் செல்லும். ஆகவே காணியைத் தொடுவதானால் இன்றே ஒரு நொத்தாரிசிடம் உறுதிகளைக் காட்டி, அது விற்கத்தக்க நிலையில் உள்ளதா என்று மட்டும் பார்த்துவையுங்கள். நகைகள் இருந்தால் வங்கியில் அடகு வைப்பது, பிறகு மீட்கக்கூடிய வழி. தனியாரிடம் மாத வட்டிக்கு வாங்குவதை மட்டும் எந்த நிலையிலும் செய்ய வேண்டாம். சின்னம்மா குணமாகி வந்து வாழப்போகிற வீடும் நிலமும் அவை என்பதை மனத்தில் வைத்தே எதையும் கையெழுத்திடுங்கள்.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. அடுத்த கிளினிக் நாளில் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், ஹோர்மோன், ஹெர்2 பரிசோதனைகளின் முடிவு வந்துவிட்டதா, முழுச் சிகிச்சைத் திட்டம் என்ன, அதில் எது இங்கே கிடைக்காது என்று கேட்டுக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். ஆய்வுகூடத்தில் இழையக் கட்டிக்கு விண்ணப்பம் கொடுங்கள். இரண்டு வைத்தியசாலைகளின் மதிப்பீடுகள் கைக்கு வந்ததும், சின்னம்மாவின் பெயரையும் கிளினிக் இலக்கத்தையும் மறைத்துவிட்டு அவற்றை எனக்கு அனுப்பினால், எது அடங்கியிருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன். வேண்டுகோள் கடிதத்தை அதற்குப் பிறகு எழுதுவோம்.